பட்டியலில் பதினொருவர்

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எவரும் விரல் மடக்கி எண்ணிச் சொல்லிவிடுவார். வீட்டு வைஃபையில் எத்தனை பேர் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். சென்ற சித்திரையில் ஒருநாள் அந்தக் கேள்விக்கு விடை காண நான் புறப்பட்டேன். விடை கிடைத்தது. ஆனால் அதைத் தேடிய வழியில் நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது. “நம் மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை எழுதித் தாரும்” என்று ஆசிரியர் கேட்டார். இது அறிவியல் கட்டுரைதானா என்பதை வாசித்து முடித்த பிறகு நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் நால்வர் லங்காவில் ஒரு வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். காசியில் படித்துக்கொண்டு லங்காவில் குடியிருக்கிறோம் என்றால் ஊரில் பாட்டிமார் சிரிக்கிறார்கள். நம் பல்கலைக் கழகத்துச் சிங்க வாயிலை அடுத்த கடைவீதிக்கு அதுதான் பெயர் என்று விளக்கிச் சொன்ன பிறகும் அவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. எங்களில் ஒருவர் திருநெல்வேலிக்காரர், வரலாறு பயில்கிறார். ஒருவர் கோயம்புத்தூர், வேளாண்மை. ஒருவர் கும்பகோணம், வாய்ப்பாட்டு. நான் பௌதிகம். பௌதிகம் படிப்பவனுக்குக் கணினி, மின்விசிறி, தண்ணீர்க் குழாய் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

எங்களுக்குச் சமைத்துப் போட ஓர் அம்மாள் வருகிறார். வடநாட்டு வழக்கப்படி அவரை ‘தீதி’ என்று அழைக்கிறோம். அக்கா என்று பொருள். அவருக்கு ஒரு மகன். ஒன்பதாம் வகுப்பை அப்பொழுதுதான் முடித்திருந்தான். மாலையில் தாயாருடன் வந்து, அவர் ரொட்டி சுட்டு முடிக்கும் வரையில் எங்கள் மாடிப்படியில் மூன்றாம் படியில் உட்கார்ந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருப்பான். கையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு கைப்பேசி. எங்களை அவன் ‘பையா’ என்று கூப்பிடுவான். இந்தியில் அதற்கு ‘அண்ணா’ என்று பொருள். வந்த புதிதில், “இந்தச் சுண்டைக்காய் நம்மைப் பையா என்கிறதே!” என்று திருநெல்வேலி நண்பர் வெகுண்டது எங்கள் வீட்டு நகைச்சுவைகளில் முதலாவது.

சித்திரை பிறந்ததிலிருந்தே எங்கள் இணைப்பு மந்தமாயிருந்தது. படம் பார்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் குடி முழுகிவிடவில்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமை சங்கீத நண்பருக்கு நேர்காணல் வந்தது. ஒரு பள்ளியில் இசையாசிரியர் வேலை. ஊரில் அவருடைய தந்தையார் ஓய்வு பெற்றுவிட்டார். தங்கை கல்லூரியில் சேர வேண்டும். வேலை வேண்டியதற்குக் காரணம் இவ்வளவும் இருந்தது. கணினித் திரை வழியாகவே நேர்காணல். தோடியில் சிறிது ஆலாபனை செய்யச் சொன்னார்கள். நண்பர் கண்ணை மூடிப் பாடினார். அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு மெய் சிலிர்த்தது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால், எதிரில் மூன்று முகங்களும் அசையாமல் நின்றிருந்தன. இணைப்பு மூன்று முறை அறுந்து மூன்று முறை ஒட்டியது. கடைசியில் ஒருவர், “உங்கள் குரல் துண்டு துண்டாக வருகிறது, கமகம் எது, தடங்கல் எது என்று தெரியவில்லை” என்று சொல்லி, நன்றி கூறி முடித்துக்கொண்டாராம்.

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“யாரோ நம்ம வைஃபைய உறிஞ்சுதான் வே” என்றார் திருநெல்வேலி. “நீரு பௌதிகம்லா, கண்டுபிடியும்.”

கண்டுபிடிப்பது கடினமான வேலையன்று. இணைப்பைத் தரும் ரூட்டர் பெட்டியின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 192.168.1.1 என்பது போன்று ஓர் எண் இருக்கும். (192.168 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளேயே புழங்கிக்கொள்ள என்று 1994-இல் ஒதுக்கி வைத்தார்கள். ஆகையால் உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் அதே எண் இருக்கலாம்; சண்டை வராது.) அந்த எண்ணை உலாவியில் இட்டு, பெட்டிக்குரிய கடவுச்சொல்லைக் கொடுத்தால் பெட்டியின் உட்பக்கம் திறக்கும். அங்கே, தான் யார் யாருக்கு எந்த எண்ணை வழங்கியிருக்கிறது என்ற பட்டியலைப் பெட்டி வைத்திருக்கும். சத்திரத்து மணியக்காரர் அறை கொடுத்தவர்களின் பெயரை ஏட்டில் எழுதி வைப்பதைப் போலத்தான்.

எங்களிடம் கைப்பேசிகள் நான்கு, மடிக்கணினிகள் மூன்று. கூட்டினால் 7. பட்டியலில் இருந்தவை 11.

“பாத்தீரா!” என்றார் திருநெல்வேலி.

ஒவ்வொரு வரியிலும் ‘மேக் முகவரி’ என்ற ஒன்று இருக்கும். 12 இலக்கங்கள், இரண்டிரண்டாக 6 ஜோடி. வலையோடு பேசும் எந்தக் கருவிக்கும் தயாரிப்பவர் இடும் அங்க அடையாளம் இது. முதல் 3 ஜோடிகள் தயாரிப்பாளரைக் குறிக்கும், அவற்றை ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் கழகம் பங்கிட்டுக் கொடுக்கிறது. இந்த எண் இந்தக் கம்பெனிக்கு என்று பார்த்துக்கொள்ளப் பொதுப் பட்டியல் உண்டு. நான் பார்த்தேன். மடிக்கணினிகள் மூன்றும் உடனே அகப்பட்டன. அதிலும் ஒரு வேடிக்கை: கணினியின் மேல் எழுதியிருக்கும் பெயர் வராது, உள்ளேயிருக்கும் வைஃபைத் துண்டைச் செய்தவர் பெயர்தான் வரும். மீதி எட்டு முகவரிகளுக்கும் தயாரிப்பாளரே கிடையாது! எட்டும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு நின்றன.

எங்கள் நான்கு கைப்பேசிகளையும் வாங்கி, அமைப்புகளில் வைஃபைப் பெயரைத் தொட்டு, ஒவ்வொன்றின் முகவரியையும் குறித்துக்கொண்டேன். எட்டில் நான்கு எங்களுடையவை என்று தெரிந்தது. மிச்சம் நான்கு.

இன்னும் ஒரு சோதனையும் செய்தேன். வலையில் இருக்கும் எல்லாக் கருவிகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுப் பார்க்க ‘என்மேப்’ என்று ஒரு நிரல் இருக்கிறது, 1997-இல் வந்தது, இலவசம். வீட்டு வலையில் அது ‘ஏ.ஆர்.பி.’ என்ற 1982-ஆம் ஆண்டு முறைப்படி கூப்பிடும். ஒண்டுக் குடித்தன வீட்டு முற்றத்தில் தபால்காரர் நின்று, “ஏழாம் எண் யாருங்க?” என்று கூவுகிறார், உரியவர் மட்டும், “நான்தான், இதோ” என்கிறார். அவ்வளவுதான் சூட்சுமம். 1 முதல் 254 வரை கூவிப் பார்த்தேன். பெட்டியை நீக்கிவிட்டு, என் கணினியையும் சேர்த்து, பதில் சொன்னவை 7.

ஏழு! கவனியுங்கள். ஏட்டில் 11 பேர். கூப்பிட்டபோது இருந்தவர் 7 பேர். நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. “மற்ற நான்கும் தூங்குகின்றன, திருடன் இரவில் வரமாட்டான், மாலையில்தான் வருவான்” என்றேன். சந்தேகம் என்பது ஒருமுறை மனத்தில் புகுந்துவிட்டால், எதிரான சாட்சியையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

‘மாலை’ என்ற சொல்லைக் கேட்டதும் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் பெயர் சொல்லவில்லை. மூன்றாம் படி எல்லோருடைய மனத்திலும் வந்துவிட்டது.

மறுநாள் மாலை அவனைக் கூப்பிட்டோம். “எங்கள் வைஃபையை உபயோகிக்கிறாயா?” என்று என் உடைந்த இந்தியில் கேட்டேன். அவன் இல்லையென்று தலையசைத்துக் கைப்பேசியை நீட்டினான். திருநெல்வேலி நண்பர் அதை வாங்கிப் பார்த்து, “இந்தா, நம்ம பேரு இருக்கே!” என்றார்.

வைஃபை எட்டும் தூரத்தில் இருக்கும் எந்தக் கைப்பேசியிலும் அந்த வைஃபையின் பெயர் தெரியும். பக்கத்தில் பூட்டு ஒன்று வரைந்திருக்கும். பெயர் தெரிவது வேறு, உள்ளே நுழைந்திருப்பது வேறு. தெருவில் போகிறவன் கண்ணுக்கு வீட்டுப் பெயர்ப்பலகை தெரிவதனால் அவன் திருடனாகிவிடுவதில்லை. இது எனக்குத் தெரியும். மற்ற மூவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தக் கைப்பேசியின் முகவரியை எடுத்து என் பட்டியலோடு ஒப்பிட அரை நிமிடம் போதும் என்பதும் தெரியும். ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. நண்பரின் தோடி காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. யாராவது ஒருவன் குற்றவாளியாக வேண்டும் என்று என் மனம் விரும்பியது.

பையன் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். “நஹீ, சார்” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டான். அவன் என்னைச் ‘சார்’ என்று அழைத்தது அதுவே முதல் தடவை.

அன்றிரவே அந்த நான்கு முகவரிகளுக்கும் பெட்டியில் தடை போட்டேன்.

மறுநாள் தீதி தனியாக வந்தார். ரொட்டிகள் வழக்கம்போல் வட்டமாகவே இருந்தன. பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பும்போது என் அறை வாசலில் நின்று, “எவ்வளவு ஆயிற்று பையா? சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார்.

மகன் எடுத்தானா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. வைஃபை என்பது படியா, சேரா, எதில் அளப்பது என்பதும் அவருக்குத் தெரியாது. படித்த பிள்ளைகள் சொன்னால் இருக்கும் என்று நம்பிவிட்டார். “வேண்டாம் தீதி” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ‘வேண்டாம்’ எவ்வளவு கேவலமானது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அது மன்னிப்பவன் பேசும் பேச்சு. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் பேசும் பேச்சன்று.

நான்கு திருடர்களையும் வெளியேற்றிய பிறகும் இணைப்பு அப்படியே நொண்டிக்கொண்டிருந்தது.

அன்று இரவு புழுக்கம் தாங்கவில்லை. நால்வரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். படுத்ததும் கோயம்புத்தூர் நண்பர், “ஏனப்பா, எனக்கு வைஃபை எடுக்கலயே?” என்றார். “எனக்கும் இல்லை” என்றார் கும்பகோணம். எனக்கும் இல்லை. நால்வருக்கும் இல்லை.

என் கைப்பேசியை எடுத்து அமைப்புகளைத் திறந்தேன். எங்கள் பெட்டி இரண்டு பெயர்களில் ஒலிபரப்புகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று. வால் முளைத்தாற்போல் ‘5ஜி’ என்று முடியும் இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸில். பின்னது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சோம்பும். முன்னது மெதுவானது, மொட்டைமாடி வரை எட்டும். அறையில் இருக்கும்போது கைப்பேசி ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. மாடிக்கு வந்தால் மற்றதற்குத் தாவுகிறது. அந்த மற்றப் பெயரைத் தொட்டு, என் கைப்பேசியின் முகவரியைப் பார்த்தேன்.

நான் தடை போட்ட நான்கில் அது ஒன்று.

விஷயம் இதுதான். கைப்பேசியின் மெய்யான முகவரி என்றும் மாறாதது. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எந்தக் கடைக்குப் போனான், எந்த நிலையத்தில் இறங்கினான் என்று பின்தொடர முடிந்தது. அதைத் தடுக்க, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், கைப்பேசிகள் மெய்யான முகவரியைத் தாமாகவே மறைத்து, ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் ஒரு பொய் முகவரியைப் புனைந்துகொள்கின்றன. பெயர் இரண்டானால் முகவரியும் இரண்டு. நான்கு கைப்பேசிகள், எட்டு முகவரிகள். கணினிகள் மூன்று. மொத்தம் 11. பெட்டியின் ஏடோ, எண்ணைக் கொடுத்த தவணை தீரும் வரை, போனவர் பெயரையும் அடிப்பதில்லை. எங்கள் பெட்டியில் தவணை 24 மணி நேரம். ஆகவே ஒருநாளில் மாடிக்கும் அறைக்கும் நடந்த நால்வர், எட்டுப் பேராகப் பதிவாகியிருந்தோம்.

புனைந்த முகவரியைக் கண்டுகொள்ள எளிய அடையாளமும் உண்டு: இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். எட்டிலும் அப்படியே இருந்தது. என் கண் முன்னே எழுதி வைத்திருந்ததை நான் படிக்கவில்லை.

அப்படியானால் இணைப்பு ஏன் மந்தம்? மறுநாள் காலையில் பழைய வைத்தியத்தைக் கையாண்டேன். வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போனால் மின்கம்பி வேலைக்காரர் என்ன செய்வார்? ஒவ்வொரு பொருளாக அணைத்துப் பார்ப்பார். நானும் ஒவ்வொரு கருவியாக அணைத்து வேகத்தை அளந்தேன். ஆறு கருவிகளை அணைத்தும் மாற்றமில்லை. ஏழாவதை மூடினேன். வாய்க்காலில் அடைத்திருந்த சருகை எடுத்தாற்போல் இணைப்பு ஓடத் தொடங்கியது.

ஏழாவது என் மடிக்கணினி.

இரண்டு வாரங்களுக்கு முன் தமக்கையின் கல்யாணப் படங்களையும், ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கிப் படங்களையும் அதில் ஏற்றியிருந்தேன். ‘எல்லாவற்றையும் வெளியிலும் ஒரு படி வைத்துக்கொள்’ என்று அதற்குக் கட்டளையும் இட்டிருந்தேன். இட்டதை நான் மறந்துவிட்டேன், அது மறக்கவில்லை. இரவும் பகலும் மேலே அனுப்பிக்கொண்டே இருந்தது. மேலே போகும் வழி அடைபட்டால் கீழே வருவதும் தடைப்படும். ஏனென்றால், எதையாவது இறக்கும்போது, ‘வந்து சேர்ந்தது, வந்து சேர்ந்தது’ என்று சிறு சீட்டுகள் மேலே போய்க்கொண்டே இருக்கவேண்டும். சீட்டுத் தாமதித்தால் சரக்கும் தாமதிக்கும். பாட்டோ நேராகவே மேலே போகவேண்டியது. நண்பரின் தோடியை மறித்து நின்றது என் தமக்கையின் கல்யாண ஊர்வலம்.

சங்கீத நண்பரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்து, “சரி, காப்பி போடு” என்றார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இணைப்பினால்தான் என்று சொல்ல முடியாது. இணைப்பினால் அன்று என்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இருக்கிறேன்.

பையனைத் தேடி அன்று மாலை போனேன். நகவாவில் ஒரு மிட்டாய்க் கடை வாசலில், விளக்கடியில் உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்பதற்கு, “கல்தி ஹுஆ” என்றேன். அவன் தலைநிமிர்ந்து, மெதுவாக, “ஹுயீ” என்று திருத்தினான். இந்தியில் தவறு பெண்பாலாம். மூன்றாண்டுகளாக எனக்குப் பிடிபடாத இலக்கணம் அன்று பிடிபட்டது. “தவறு என்னுடையது” என்று மறுபடியும், அவன் சொன்ன இலக்கணப்படியே சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீதியிடமும் நால்வரும் போய் நின்று நடந்ததைச் சொன்னோம். அவருக்குப் பாதி புரிந்தது. “அவன் எடுக்கவில்லை அல்லவா?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு வீட்டில் சில சீர்திருத்தங்கள் செய்தோம். நேயர்களுக்கும் அவை பயன்படலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எங்கள் ஒவ்வொரு கருவியின் முகவரியையும், கைப்பேசியானால் இரண்டு முகவரிகளையும், எழுதி எதிரே உடையவர் பெயரைக் குறித்தோம். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றினோம். பழைய பூட்டுமுறைகளை விட்டு, 2004-இன் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-இன் டபிள்யூ.பி.ஏ.3 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். உண்மையிலேயே அயலார் புகுந்திருந்தால், முகவரிக்குத் தடை போட்டுப் பயனில்லை. முகவரியைப் புனைவது எவ்வளவு எளிது என்பதைத்தான் பார்த்தோமே. கடவுச்சொல்லை மாற்றுவதே மருந்து. மாற்றினால் எல்லோரும் வெளியேறுவர். நம்மவர் மட்டும் திரும்பி வருவர். இன்னொன்று: கூவிக் கூப்பிடும் சோதனையை உங்கள் வீட்டு வலையில் மட்டும் செய்யுங்கள். விடுதியிலோ ஆய்வுக்கூடத்திலோ செய்வது பிறர் வீட்டு முற்றத்தில் நின்று கூவுவதாகும்.

பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினருக்கென்று தனிப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதில் சேர்பவருக்கு இணைப்புக் கிடைக்கும். வீட்டுக் கணினிகளின் பக்கம் வர முடியாது. நம் ஊர் வீடுகளில் திண்ணை என்று ஒன்று உண்டல்லவா? கதவு சாத்தியிருக்கும், ஆனால் வழிப்போக்கன் உட்கார இடமிருக்கும். நாங்களும் எங்கள் பெட்டியில் அப்படியொன்று அமைத்து, அதற்குத் ‘திண்ணை’ என்றே பெயரிட்டோம். கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் தீதியிடம் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மூன்று வாரங்கள் வரை திண்ணையில் யாரும் இல்லை. மூன்றாம் படியும் காலியாகவே இருந்தது. நான் இரவுதோறும் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். முன்பு அயலார் யாராவது இருக்கிறார்களா என்று பயந்து பார்த்தவன், இப்பொழுது யாராவது வரமாட்டார்களா என்று பார்த்தேன்.

பிறகு ஒரு மாலை, புழுதிக் காற்று வீசி ஓய்ந்த நேரம், வெளியே காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்துப் பட்டியலைத் திறந்தேன். திண்ணையில் ஒரு புது வரி. இரண்டாவது இலக்கம் ஈ. முகம் மறைத்த முகவரிதான். யார் செய்த கருவி, எந்த வகை என்று நான் ஆராயப் போகவில்லை.

“பையா, தண்ணீர் இருக்கிறதா?” என்று படியிலிருந்து குரல் வந்தது.

கூஜாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்த முகவரியை எழுதினேன். எதிரே, உடையவர் பெயர் எழுதும் இடத்தில், ‘தம்பி’ என்று குறித்தேன்.